நோவுக்கு யார் சாட்சி?
அவசர சிகிச்சைப் பிரிவும் தாதியர் அறிவும்: ஒரு வரலாற்றுப் பார்வை

சில வருடங்களுக்கு முன்னர் ஓர் இரவு, எமது குடியிருப்பில் வசிக்கும் மாமி ஒருவரை, நான் வாழும் ஐரோப்பிய நகரின் வைத்தியசாலையொன்றின் அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கூட்டிச் செல்ல நேர்ந்தது. குளியலறையில் வழுக்கி விழுந்திருந்தார். "ஐயோ, என்ரை அம்மாளாச்சி" என்று வழிநெடுக அழுதுகொண்டே வந்தார். பூச்சியத்திலிருந்து பத்துக்குள் உங்கள் நோவுக்கு எத்தனை கொடுப்பீர்கள் என்று வாசலில் இருந்த தாதி கேட்டார். நான் மொழிபெயர்த்தேன். "அதை எப்பிடித் தம்பி நம்பரிலை சொல்லுறது? உள்ளுக்கை உளையுது. அசைஞ்சால் வெட்டி இழுக்குது. அப்பிடிச் சொல்லும்" என்றார் மாமி. மண்டபத்தில் இருந்தவர்கள் எல்லோரும் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்குக் கூச்சமாக இருந்தது. தாதியிடம் "ஐந்து" என்றேன். மூன்று மணித்தியாலத்தின் பின்னர்தான் ஊசி போட்டார்கள். எக்ஸ்றேயில் இடுப்பெலும்பு முறிந்திருந்தது.

அந்த ஐந்து நான் கொடுத்த இலக்கம். மாமியிடம் நான் திருப்பிக் கேட்கவேயில்லை. அன்றிரவு தாதியின் அறிவீனத்தைத் திட்டிக்கொண்டுதான் வீடு திரும்பினேன். பின்னர் இது பற்றித் தேடி வாசித்தபோது, பிரச்சினை தனியே தாதியரின் அறிவு சார்ந்தது அல்ல என்பது புரிந்தது. நோயாளி தன் நோவைப் பற்றிச் சொல்லும் வார்த்தை ஒரு சாட்சியமாக ஏற்கப்படுகிறதா, ஏற்றுக்கொள்பவருக்கு அதன்மேல் நடவடிக்கை எடுக்கும் அதிகாரம் இருக்கிறதா என்ற இரண்டு கேள்விகளும் இந்த வரலாறு முழுவதும் கூடவே வருகின்றன. இவற்றை விட்டுவிட்டு "தாதியருக்குப் பயிற்சி கொடுங்கள்" என்று மட்டும் சொல்வது பாதி உண்மையே.

சத்திரசிகிச்சையாளரின் கையும் தாதியின் சாவியும்

1921இல் பிரித்தானிய சத்திரசிகிச்சையாளர் சக்கரி கோப், திடீர் வயிற்று நோவை ஆரம்பத்திலேயே இனங்காண்பது பற்றி ஒரு சிறு நூலை எழுதினார். பல தலைமுறை வைத்திய மாணவர்கள் படித்த நூல் அது. அதன் முக்கியமான எச்சரிக்கைகளில் ஒன்று, நோயை நிர்ணயிக்கும் முன்னர் மோர்பின் கொடுக்கக்கூடாது என்பது. மோர்பின் நோவை மறைத்துவிடும், வயிற்றைத் தொட்டுப் பார்க்கும் சத்திரசிகிச்சையாளர் ஏமாந்துவிடுவார், நோயாளி இறந்துபோவார் என்பது அவரது வாதம்.

அந்தக் காலத்தில் இது மூடத்தனமான வாதம் அல்ல. ஸ்கான் கருவிகள் இல்லாத நாட்களில் குடல்வால் வெடித்திருப்பதை அறியச் சத்திரசிகிச்சையாளரிடம் தன் கையும் அனுபவமும்தான் இருந்தன. ஆனால் காரணம் மறைந்த பின்னரும் விதி நிலைத்து நின்றது. அல்ட்ராசவுண்டும் சீ.ரி. ஸ்கானும் வந்து பல வருடங்களாகியும், "பெரிய டொக்டர் வந்து பார்க்கும்வரை ஒன்றும் கொடுக்காதே" என்பது அவசர சிகிச்சைப் பிரிவுகளின் எழுதாத சட்டமாக இருந்தது. 1992இல்தான், திடீர் வயிற்று நோவுடன் வந்த 100 பேரை வைத்து பிரித்தானியாவில் செய்யப்பட்ட ஒரு பரிசோதனை, அபின் வகை மருந்தை முன்கூட்டியே கொடுப்பதால் நோய் நிர்ணயம் கெட்டுப்போவதில்லை என்று காட்டியது. 1921க்கும் 1992க்கும் இடையில் எழுபத்தொரு வருடங்கள்.

இந்த எழுபத்தொரு வருடங்களும் நோயாளியின் அருகில் நின்றவர் தாதிதான். மருந்து அலுமாரியின் சாவி அவரது இடுப்பில் தொங்கியது. அதைத் திறக்கும் உத்தரவு வேறொருவரின் கையெழுத்தில் இருந்தது. நோயாளி கத்தும்போது "டொக்டர் வருவார், பொறுங்கோ" என்று சொல்லும் வேலையே தாதிக்கு விடப்பட்டது. இப்படி ஒரு வேலையைத் தினமும் செய்பவர் காலப்போக்கில் என்ன ஆவார்? ஒன்றில் மனம் உடைந்துபோவார், அல்லது அந்தக் கத்தலை நம்பாதிருக்கப் பழகிக்கொள்வார்.

இதன் விளைவை 1973இல் மார்க்ஸ், சக்கார் என்ற இரு அமெரிக்க மனநல வைத்தியர்கள் வெளியிட்ட ஆய்வில் காணலாம். நியூயோர்க்கில் அபின் வகை மருந்து எழுதிக்கொடுக்கப்பட்டிருந்த 37 உள்நோயாளிகளை அவர்கள் சந்தித்தார்கள். மருந்து கிடைத்துக்கொண்டிருந்தபோதும் 32 சதவீதமானோர் கடும் வேதனையிலும், மேலும் 41 சதவீதமானோர் நடுத்தர வேதனையிலும் இருந்தார்கள். வைத்தியர்கள் தேவைக்குக் குறைவாகவே எழுதினார்கள். எழுதப்பட்டதிலும் குறைவாகவே தாதியர் கொடுத்தார்கள். இரு தரப்பாருக்கும் ஒரே பயம்: நோயாளி போதைக்கு அடிமையாகிவிடுவார். அந்தப் பயம் உண்மையான ஆபத்தைவிட மிகவும் ஊதிப் பெருத்திருந்தது.

1952: இரண்டு கட்டுரைகள்

புலம்பெயர்ந்தவர்களாகிய எமக்கு இந்த வரலாற்றில் மிக முக்கியமான வருடம் 1952 என்பேன். அந்த வருடம், ஒருவரையொருவர் அறியாத, தம் மண்ணை விட்டு வந்த இருவர், நோவையும் அந்நியரையும் பற்றி ஆளுக்கொரு கட்டுரை எழுதினார்கள்.

முதலாமவர் மார்க் ஸ்பொரோவ்ஸ்கி. உக்ரேனில் பிறந்த யூதர், பாரிஸ் வழியாக அமெரிக்கா சேர்ந்தவர். நியூயோர்க்கில் முன்னாள் படைவீரர்களுக்கான வைத்தியசாலையொன்றில் யூதர், இத்தாலியர், பல தலைமுறையாக அங்கு வாழும் "பழைய அமெரிக்கர்" ஆகியோர் நோவை எப்படி வெளிப்படுத்துகிறார்கள் என்று ஆராய்ந்தார். இத்தாலியர் உடனடியாக நோவு போகவேண்டுமென்று கேட்டார்கள். யூதர் மருந்தைவிட அந்த நோவு நாளைக்கு என்ன கொண்டுவரும் என்பதையிட்டே அதிகம் கவலைப்பட்டார்கள். பழைய அமெரிக்கர், வேறு யாரோ ஒருவரின் உடலைப் பற்றி அறிக்கை கொடுப்பதுபோல நிதானமாகப் பேசினார்கள். வைத்தியசாலை எதிர்பார்த்த நடத்தையும் இந்தக் கடைசி நடத்தைதான்.

எமது வாசகர்களில் சிலருக்கு ஸ்பொரோவ்ஸ்கி வேறொரு காரணத்துக்காகத் தெரிந்திருக்கும். 1930களில் பாரிசில் ட்ரொட்ஸ்கியின் மகன் லியோன் செடோவின் நம்பிக்கைக்குரிய தோழராக நடித்து, ஸ்டாலினின் இரகசியப் பொலிசுக்குத் தகவல் அனுப்பியவர் இவரே. பின்னர் அமெரிக்காவில் இது வெளியே வந்து, பொய்ச்சாட்சியம் சொன்ன குற்றத்துக்காகச் சிறை சென்றார். இதற்காக அவரது ஆய்வைத் தூக்கி எறிந்துவிட முடியாது. ஆனால் அவர் கேட்ட கேள்வியின் திசையைக் கவனிக்கவேண்டும். இந்த மக்கள் எப்படி அழுகிறார்கள் என்பதே அது. ஆராயப்பட்டவர் நோயாளி.

இரண்டாமவர் ஃபிரான்ஸ் ஃபனோன். மார்த்தினிக் தீவிலிருந்து வந்து பிரான்சின் லியோன் நகரில் மருத்துவம் கற்றவர். "எஸ்பிரி" சஞ்சிகையில் 1952 பெப்ரவரியில் வட ஆபிரிக்க நோய்க்குறி பற்றி அவர் எழுதினார். அல்ஜீரியத் தொழிலாளி ஒருவர் நோவென்று வருகிறார். எங்கே நோகிறது என்று கேட்டால் எல்லா இடமும் என்கிறார். சோதித்தால் காயம் எதுவும் அகப்படுவதில்லை. நோயாளி வாய்திறக்கும் முன்னரே வைத்தியசாலை அவரைப் பற்றி ஒரு முடிவுக்கு வந்துவிட்டது: இவன் நடிக்கிறான், வேலைக்குப் போகப் பஞ்சிப்படுகிறான். ஃபனோன் ஆராய்ந்தது நோயாளியை அல்ல, நம்ப மறுக்கும் வைத்தியரை. வீடும் உறவும் உரிமையும் இல்லாத ஒரு மனிதனின் உடலில் நோவு ஓரிடத்தில் நின்று பேசாது என்பதை அவர் காட்டினார்.

அடுத்துவந்த தசாப்தங்களில் தாதியர் கல்வி ஸ்பொரோவ்ஸ்கியின் கேள்வியை எடுத்துக்கொண்டது. ஃபனோனின் கேள்வி இலக்கியத் துறையினரின் புத்தக அலுமாரியிலேயே இருந்துவிட்டது. இதற்கு நாம் கொடுத்த விலையைப் பின்னர் பார்ப்போம்.

ஒரு தாதி சொன்ன விதி

இந்தத் துறையில் மிகப்பெரிய உடைப்பைச் செய்தவர் ஒரு தாதி என்பதை மறக்கக்கூடாது. 1968இல் மார்கோ மக்கஃப்ரி என்ற அமெரிக்கத் தாதி, நோவுக்குப் புதிய வரைவிலக்கணம் ஒன்றைக் கொடுத்தார். அதன் சாரம் இதுதான்: அனுபவிப்பவர் எதை நோவென்று சொல்கிறாரோ அதுவே நோவு, இருக்கிறதென்று அவர் சொல்லும் போதெல்லாம் அது இருக்கிறது. இன்று இது சாதாரணமாகத் தோன்றலாம். நாடித்துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் முகச்சுழிப்பையும் ஆதாரமாகக் கொண்ட ஒரு நிறுவனத்துக்குள், நோயாளியின் வாய்மொழியே முதல் ஆதாரம் என்று சொல்வது அதிகாரத்தை இடம்மாற்றும் காரியம்.

1987இல் மக்கஃப்ரியும் பெற்றி ஃபெரெல் என்ற தாதியும் சேர்ந்து, தாதியரின் அறிவையும் மனப்பாங்கையும் அளக்கும் வினாக்கொத்து ஒன்றை உருவாக்கினார்கள். உலகின் பல நாடுகளில் இன்றும் அது பயன்படுகிறது. அதிலுள்ள இரண்டு கற்பனை நோயாளிகள் பிரசித்தமானவர்கள். இருவருக்கும் 25 வயது. இருவருக்கும் வயிற்றில் சத்திரசிகிச்சை நடந்து ஒரு நாள். பத்துக்கு எட்டு நோவென்று இருவருமே சொல்கிறார்கள். ஒருவர் பார்க்க வந்தவருடன் சிரித்துப் பேசிக்கொண்டிருக்கிறார். மற்றவர் முகத்தைச் சுழித்தபடி அசையாமல் படுத்திருக்கிறார். என்ன இலக்கத்தைப் பதிவீர்கள், எவ்வளவு மருந்து கொடுப்பீர்கள் என்பதே கேள்வி. இருவருக்கும் ஒரே பதில்தான் சரி. 1991இல் வெளியான முடிவுகளில், சிரித்தவருக்குத் தாதியர் குறைந்த இலக்கத்தையே பதிந்தார்கள், குறைந்த மருந்தையே கொடுக்க விரும்பினார்கள். முகம் வாயை வென்றது.

அவசர சிகிச்சைப் பிரிவுகளின் நிலை இன்னும் மோசம். 1989இல் வில்சன், பென்டில்ற்ரன் என்ற இருவர் அமெரிக்க வைத்தியசாலையொன்றில் நோவுள்ள 198 நோயாளிகளின் பதிவேடுகளைப் பார்த்தார்கள். 56 சதவீதமானோருக்கு எந்த வலிநிவாரணியும் கிடைத்திருக்கவில்லை. கிடைத்தவர்களிலும் 69 சதவீதமானோர் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் காத்திருந்தார்கள். 1993இல் நொக்ஸ் ரொட் என்ற வைத்தியரும் அவரது குழுவினரும் லொஸ் ஏஞ்சலீசில் கை, கால் எலும்பு முறிந்து வந்தவர்களை ஆராய்ந்தார்கள். வெள்ளையரில் 26 சதவீதமானோருக்கு வலிநிவாரணி கிடைக்கவில்லை. ஸ்பானிய மொழி வழி வந்தவர்களிலோ 55 சதவீதமானோருக்குக் கிடைக்கவில்லை. முறிந்த எலும்பு எக்ஸ்றேயில் தெரிகிறது, அதில் நடிப்புக்கு இடமில்லை. அதே குழு அடுத்த வருடம் இன்னொன்றையும் காட்டியது: இரு பிரிவினரதும் நோவை வைத்தியர்கள் ஏறக்குறைய ஒரேயளவாகத்தான் மதிப்பிட்டிருந்தார்கள். அப்படியாயின் அறிந்துகொள்வதில் மட்டும் குறை இருந்ததாகச் சொல்லமுடியாது. அறிந்ததற்கும் ஊசிக்கும் இடையில் ஏதோவொன்று நின்றது.

அறிவும் அதிகாரமும்

இந்த ஆய்வுகளைத் தொடர்ந்து பயிற்சி வகுப்புகள் பெருகின. வகுப்பு முடிந்ததும் வினாக்கொத்தில் தாதியரின் புள்ளிகள் உயர்வதை எத்தனையோ ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. கட்டிலில் கிடப்பவரின் நோவு குறைந்ததா என்பது வேறு கேள்வி. அதற்குக் கிடைக்கும் சான்று இதைவிடப் பலவீனமானது. மோர்பினைப் பற்றி எல்லாம் படித்துவிட்டு வந்த தாதி, மீண்டும் அதே வைத்தியரின் கையெழுத்துக்காக அதே வாசலில் நிற்கிறார்.

மாற்றம் வந்த இடங்களைப் பார்த்தால், அறிவோடு அதிகாரமும் கைமாறியிருக்கிறது. 1990களின் நடுப்பகுதியில் மன்செஸ்ரரில் உருவாக்கப்பட்ட வகைப்படுத்தும் முறையில், யாரை முதலில் பார்ப்பது என்று வாசலில் தீர்மானிப்பவர் தாதி. நோவின் கடுமையும் அந்தத் தீர்மானத்தின் அளவுகோல்களில் ஒன்று. இந்த முறை ஐரோப்பாவின் பல நாடுகளுக்குப் பரவியது. 2000இல் பிரித்தானியாவில் வந்த சட்டப்படி, முன்கூட்டியே எழுதி ஒப்புக்கொள்ளப்பட்ட ஒரு பொதுநெறியின் கீழ், ஒவ்வொரு நோயாளிக்கும் தனித்தனிக் கையெழுத்துக் கேட்காமலே தாதியர் சில மருந்துகளைக் கொடுக்கலாம் என்றாயிற்று. நோயுற்றோருக்கும் காயமுற்றோருக்கும் உடனடித் தேவைக்கு மோர்பின் கொடுப்பது வரை 2012இல் இது விரிந்தது. மெல்பேர்ணில், பயிற்சி பெற்ற தாதியர் தாமாகவே நரம்பு வழியாக மருந்தைச் சிறிது சிறிதாகக் கொடுக்க அனுமதித்தபோது, நோயாளிகள் காத்திருக்கும் நேரம் கணிசமாகக் குறைந்தது. முதல் மருந்து எத்தனை நிமிடத்தில் கிடைத்தது, கொடுத்த பின்னர் மீண்டும் கேட்டுப் பார்த்தார்களா என்று பதிந்து வைத்திருக்கும் இடங்களில் தவறு வெளியே தெரிகிறது. தெரிந்தால்தான் திருத்தலாம்.

எதிர்வாதம்

இங்கு ஒரு நியாயமான எதிர்வாதம் உண்டு. நோயாளி சொல்வதையெல்லாம் நம்பி மருந்தைக் கொட்டியதால்தானே அமெரிக்கா அழிந்துகொண்டிருக்கிறது என்று நண்பர்கள் கேட்கிறார்கள்.

வரலாற்றைச் சரியாகச் சொல்வோம். 1980இல் அமெரிக்க மருத்துவ சஞ்சிகையொன்றில் ஐந்தே வசனங்கள் கொண்ட ஒரு கடிதம் வெளிவந்தது. வைத்தியசாலையில் அபின் வகை மருந்து பெற்ற 11,882 பேரில் நால்வரே அடிமையானதாக அது சொன்னது. அந்தக் கணக்கு வைத்தியசாலைக்குள் கண்காணிப்பில் இருந்தவர்களைப் பற்றியது. அதை மாதக்கணக்கில் வீட்டில் மாத்திரை விழுங்குபவர்களுக்கும் பொருத்திப் பேசினார்கள். 2017இல் எண்ணிப் பார்த்தபோது அந்தக் கடிதம் 608 தடவைகள் மேற்கோள் காட்டப்பட்டிருந்தது. காட்டியவர்களில் பெரும்பான்மையினர், அது உள்நோயாளிகளைப் பற்றியது என்பதையே சொல்லவில்லை. 1996இல் பேர்டியூ நிறுவனம் ஒக்சிகொன்ரினைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அதே காலத்தில் நோவை ஐந்தாவது உயிர்க்குறியாகக் கொள்ளவேண்டும் என்ற கோசம் எழுந்தது. 2001இல் வைத்தியசாலைகளுக்கு அங்கீகாரம் வழங்கும் அமைப்பும் நோவை அளக்கும்படி விதித்தது. பேர்டியூ 2007இலும் 2020இலும் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டது. 2021இல் மட்டும் அமெரிக்காவில் 80,000 பேருக்கும் மேல் அபின் வகைப் பொருட்கள் சம்பந்தப்பட்ட அளவுமிஞ்சலால் இறந்தார்கள். அப்போது பெரும்பாலான சாவுகளுக்குக் காரணம் தெருவில் விற்கப்படும் ஃபென்ரனில்.

நோயாளியை நம்புவதும் நோயாளிக்கு விற்பதும் ஒரே செயல் அல்ல. நம்பியவர் திரும்பி வந்து "இப்போது எப்படி?" என்று கேட்பார். எலும்பைச் சரியாகத் தாங்கவைப்பார், குளிர் ஒத்தடம் வைப்பார், சிறிய அளவில் தொடங்குவார், மூச்சைக் கவனிப்பார், வேண்டாதபோது நிறுத்துவார். இவை யாவும் தாதியின் வேலைகள், இவற்றுக்குத்தான் அறிவு வேண்டும். விற்றவருக்கு இலக்கம் மட்டும் போதுமாயிருந்தது. அமெரிக்காவின் அனர்த்தத்தைக் காட்டி உலகின் ஏனையோருக்கு மருந்தை மறுப்பதும் நியாயமல்ல. 2017இல் லான்செற் ஆணைக்குழுவின் கணக்குப்படி, உலகில் விநியோகிக்கப்படும் அபின் வகை மருந்துகளில் உலகின் வறிய பாதி மக்களுக்குக் கிடைப்பது ஏறத்தாழ ஒரு சதவீதம் மட்டுமே.

அட்டவணைக்குள் நாம்

இனி, ஃபனோனைக் கைவிட்டதற்கான விலை. 2017இல் பியர்சன் பதிப்பகத்தின் தாதியர் பாடநூல் ஒன்றில், நோவுக்குப் பல இனத்தவரும் எப்படி எதிர்வினை காட்டுவார்கள் என்ற அட்டவணை இருந்தது பெரும் கண்டனத்துக்கு உள்ளானது. பதிப்பகம் மன்னிப்புக் கேட்டு அதை நீக்கியது. யூதர் சத்தமிட்டு உதவி கேட்பவர்கள், கறுப்பின மக்கள் நோவைக் கூட்டிச் சொல்பவர்கள் என்ற வகையில் அது சென்றது. எம்மையொத்தவர்களும் அதில் இருந்தோம்: இந்து மரபினர் அடுத்த பிறவி நன்றாக அமைய நோவைத் தாங்கவேண்டும் என்று நம்புபவர்களாம்! இடுப்பெலும்பு முறிந்த எந்த மாமியும் அடுத்த பிறவியைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை.

ஜேர்மன் மொழி பேசும் நாடுகளின் வைத்தியசாலைகளில் துருக்கியரையும் இத்தாலியரையும் குறித்து "போஸ்பரஸ் நோய்", "மம்மா மியா நோய்க்குறி" என்ற கேலிப்பெயர்கள் நீண்டகாலமாகப் புழங்கிவந்துள்ளன. பிரான்சில் அதற்குப் பெயர் "மத்தியதரைக்கடல் நோய்க்குறி". 2017 டிசம்பரில் ஸ்ராஸ்பூர்க்கில் 22 வயதுக் கறுப்பினப் பெண்ணொருவர் கடும் வயிற்று நோவுடன் அவசர சேவையைத் தொலைபேசியில் அழைத்தார். மறுமுனையில் இருந்தவர் கேலியாகப் பதிலளித்து, வேறு இலக்கத்துக்கு அழைக்கச் சொன்னார். அன்றே அந்தப் பெண் இறந்தார். அழைப்பை ஏற்றவரை 2024இல் நீதிமன்றம் குற்றவாளியாகக் கண்டது. ஃபனோன் எழுதி 65 வருடங்களின் பின்னரும், அவர் படித்த அதே நாட்டில் இது நடந்தது.

நாம் இதில் வெறும் பாதிக்கப்பட்டவர்கள் மட்டும்தானா? அன்றிரவு நான் சொன்ன "ஐந்து" என்னை விடுவதாயில்லை. அழுவது நாகரிகமில்லை என்ற அந்த மண்டபத்தின் தீர்ப்பை நான் ஏற்கெனவே விழுங்கியிருந்தேன். எமது வீடுகளில் பிரசவ நோவைப் "பொறுத்துக்கொள்" என்பவர்களும், பத்து வயதுப் பிள்ளையைத் தாயின் கர்ப்பப்பை நோவுக்கு மொழிபெயர்ப்பாளராக அனுப்புபவர்களும் நாங்களே. தகப்பனின் நெஞ்சு நோவை எவ்வளவு என்று ஒரு பிள்ளை எப்படிச் சொல்லும்?

செய்யக்கூடியவை சில உண்டு. மொன்றியலில் ரொனால்ட் மெல்சாக் 1975இல் வெளியிட்ட மக்கில் வினாக்கொத்தில் நோவுக்கு 78 சொற்கள், 20 பிரிவுகளில் உள்ளன. எங்களிடம் உளைவு, கடுப்பு, குத்து, எரிவு, பிடிப்பு, இழுவை, விண்விண் என்று தெறிப்பது என எத்தனையோ உண்டு. ஒவ்வொன்றும் வைத்தியருக்கு ஒவ்வொரு தகவல். பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே மானிப்பாயில் சாமுவேல் கிறீன் தமிழில் மருத்துவம் கற்பித்து நூல்களையும் மொழிபெயர்த்த வரலாறு எமக்கு உண்டு. புலம்பெயர் நாடுகளின் தாதியர் கையில் கொடுக்க ஒரு பக்கச் சொற்பட்டியல் தயாரிப்பது எமக்கு இயலாத காரியமா? இந்த நாடுகளின் வைத்தியசாலைகளில் தாதியராகவும் பராமரிப்பாளராகவும் வேலைசெய்யும் எமது பெண்கள் இதில் என்னைவிட நூறு மடங்கு அறிந்தவர்கள். வாசலின் மறுபக்கத்தில் நின்று அவர்கள் கண்டதை இந்தப் பக்கங்களில் எழுதவேண்டும். நான் சொன்னதில் தவறிருந்தால் அதையும் எழுதட்டும்.

மாமி இப்போது கைத்தடியுடன் நடக்கிறார். கடந்த மாதம் அந்த இரவைப் பற்றிக் கதைத்தபோது, நான் தாதியிடம் என்ன சொன்னேன் என்பதை அவரிடம் ஒப்புக்கொண்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "என்னட்டை ஒருக்கால் கேட்டிருக்கலாம், தம்பி."